ஸ்டுடியோவுக்கு நாள் குறிக்கும் முன்: ‘அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்’ உருவான விதம்

ரெக்கார்டிங், மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்து ஒன்றாகச் சேர்ப்பது) வேலை பார்க்கிறவர்களிடம் ராக் இசைக்குழுக்கள் “இது மாதிரி வேணும்” என்று கொண்டுவரும் ஆல்பங்கள் சில உண்டு. அடிக்கடி வருவது கன்ஸ் அண்ட் ரோஸஸின் ‘அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்’. 1987 ஜூலை 21 அன்று கெஃபன் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட அவர்களுடைய முதல் ஆல்பம். “மெருகே இருக்கக் கூடாது, பச்சையா இருக்கணும்” என்பார்கள். கூடவே ஒரு கதையும் வரும். ஐந்து பேர், குடி, போதை, அடிதடி. ஸ்டுடியோவுக்குள் புகுந்து வெறியோடு வாசித்துத் தள்ளினார்கள், மறுநாளே உலகப் புகழ்.

குடியும் போதையும் இருந்தது உண்மைதான். மறுநாளே புகழ் என்பதும், வாசித்துத் தள்ளினார்கள் என்பதும் பொய். அந்தப் பச்சைத்தனத்துக்குப் பின்னால் எவ்வளவு பொறுமை இருந்தது என்று தெரியாமல், பாதி வெந்த பாட்டுகளோடு ஸ்டுடியோ வாடகையைக் கட்டிவிட்டு வந்து நிற்கிற குழுக்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். வாடகை மீட்டர் ஓடும் இடத்தில் உட்கார்ந்து “இந்த இடத்துல ரெண்டு தடவையா, நாலு தடவையா?” என்று விவாதிப்பார்கள். அவர்களுக்காகத்தான் இது.

பாடகர் ஆக்ஸல் ரோஸ், கிட்டாரில் ஸ்லாஷும் இஸ்ஸி ஸ்ட்ராட்லினும், பேஸ் கிட்டாரில் டஃப் மெக்கேகன், டிரம்ஸில் ஸ்டீவன் ஆட்லர். இந்த ஐவர் அணி சேர்ந்தது 1985 ஜூனில். அதன்பின் லாஸ் ஏஞ்சலிஸில் ட்ரூபடோர், ராக்ஸி, விஸ்கி அ கோ கோ போன்ற கிளப்களில் மாறி மாறி வாசித்தார்கள். சின்ன இடம், முகத்துக்கு நேரே கூட்டம். ஒரு பாட்டின் நடுப்பகுதி இழுத்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஆட்கள் பாருக்கு நகர ஆரம்பிப்பார்கள். 1986 மார்ச்சில் கெஃபன் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. அதற்குப் பிறகும் உடனே ஆல்பம் வேலை தொடங்கிவிடவில்லை. அந்த ஆண்டு ஜூனில் சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில், நாசரெத் குழுவின் கிட்டாரிஸ்ட் மேனி சார்ல்டனோடு உட்கார்ந்து கையில் இருந்த பாட்டுகளையெல்லாம் டெமோவாக, அதாவது மாதிரிக்காக, பதிந்து பார்த்தார்கள். ‘நவம்பர் ரெய்ன்’ அப்போதே பியானோ வடிவில் இருந்தது. ‘டோன்ட் க்ரை’யும் இருந்தது. இரண்டையும் இந்த ஆல்பத்தில் சேர்க்கவில்லை. 1991-ல்தான் வெளியே வந்தன. அவ்வளவு பெரிய பாட்டை ஐந்து வருடம் ஓரமாக வைக்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு இருக்கும்? இருப்பதையெல்லாம் முதல் ஆல்பத்திலேயே கொட்டிவிட வேண்டும் என்ற அவசரம்தான் நான் அதிகம் பார்ப்பது.

அடுத்து, தயாரிப்பாளர் தேடல். ‘கிஸ்’ குழுவின் பால் ஸ்டான்லியின் பெயர் அடிபட்டது. அவர் ஆட்லரின் டிரம் செட்டை மாற்றச் சொன்னது ஒத்துவரவில்லை. மட் லாங் என்ற பெரிய தயாரிப்பாளரின் பெயரும் வந்தது. அவ்வளவு செலவு செய்ய நிறுவனம் தயாராக இல்லை. கடைசியில் ரெக்கார்டிங் எஞ்சினியராக வேலை கற்று வந்த மைக் கிளிங்க்கிடம் போனார்கள். ‘ஷேடோ ஆஃப் யுவர் லவ்’ என்ற பாட்டை முதலில் சோதனையாகப் பதிந்து பார்த்தார்கள். அந்தப் பாட்டு ஆல்பத்தில் இடம்பெறவே இல்லை, ஆனால் ஆளைப் பிடித்துப்போனது. இது நல்ல வழக்கம். யாரோடு வேலை செய்வது என்று முடிவு செய்யும் முன் ஒரே ஒரு பாட்டை மட்டும் பதிந்து பாருங்கள். அவர் கைவண்ணம் பிடிக்கவில்லை என்றால் ஒரு பாட்டின் செலவோடு போய்விடும்.

கிளிங்க் செய்த பெரிய காரியம், குழுவின் சத்தத்தைத் திருத்தாமல் விட்டது. அது 80-களின் நடுப்பகுதி. டிரம்ஸ் என்றால் பெரிய மண்டபத்தில் அடிப்பது போல எதிரொலி, கிட்டார் என்றால் எஃபெக்டுகள் என்று வானொலி முழுக்க ஒரே பளபளப்பு. இந்த ஆல்பத்தின் ஸ்நேர் டிரம்மைக் கேளுங்கள். பக்கத்து அறையில் அடிக்கிற மாதிரி கிட்டத்தில் இருக்கும்.

1987 ஜனவரியில் கனோகா பார்க்கில் உள்ள ரம்போ ரெக்கார்டர்ஸில் வேலை தொடங்கியது. டிரம்ஸ் பதிவு ஆறே நாளில் முடிந்தது. பன்னிரண்டு பாட்டு, ஆறு நாள். இந்தத் தகவலைக் கேட்டுவிட்டு “பார்த்தீங்களா, நாங்க சொன்னோம்ல” என்பவர்கள் உண்டு. ஆறு நாளில் முடிந்ததற்குக் காரணம், அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை பல மாதங்களாக மேடைகளில் அடித்துப் பழகியவை. எங்கே வேகம் கூடும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பது ஆட்லரின் கைக்கே தெரியும். ‘பாரடைஸ் சிட்டி’யின் கடைசிப் பகுதியில் தாளம் இரட்டை வேகத்துக்குத் தாவும் இடத்தைக் கேளுங்கள். பேஸும் டிரம்ஸும் ஒரே ஆள் வாசிப்பது போலச் சேர்ந்து திரும்பும். அதை ஸ்டுடியோவில் வைத்துக் கற்றுக்கொள்ள முடியாது.

இதற்கு ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறேன். குழு வந்ததும் பாடகரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பாட்டை முழுவதும் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கச் சொல்வேன். எத்தனையாவது பல்லவியில் இருக்கிறோம் என்று பாட்டு வரிகளை வைத்தே அடையாளம் கண்டு பழகியவர்கள் இரண்டாம் பல்லவிக்குள் தடுமாறிவிடுவார்கள். டிரம்மர் கிட்டாரிஸ்டைப் பார்ப்பார், கிட்டாரிஸ்ட் பேஸ் வாசிப்பவரைப் பார்ப்பார். அந்தப் பார்வை வந்தால் அன்றைக்குப் பதிவு வேண்டாம், இன்னும் இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள் என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அன்றைய வாடகை நஷ்டம்தான், பரவாயில்லை.

சரி, டிரம்ஸ் ஆறு நாள். கிட்டார்? அங்கேதான் கதையே மாறுகிறது. மொத்தக் குழுவும் சேர்ந்து வாசித்தபோது பதிவான தன்னுடைய கிட்டார் சத்தம் ஸ்லாஷுக்குப் பிடிக்கவே இல்லை. மேலாளர் ஆலன் நிவன் ஒரு கிட்டார் கொண்டுவந்து கொடுத்தார். கிப்சன் லெஸ் பால் போலவே கிறிஸ் டெரிக் என்ற கைவினைஞர் செய்த நகல் அது. அதோடு சேர்த்து, வாடகைக்கு எடுத்த, உள்ளே மாற்றம் செய்யப்பட்ட ஒரு மார்ஷல் ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி). இந்த ஜோடி அமைந்த பிறகு தன் பகுதிகளைத் திரும்ப வாசித்துப் பதிந்தார். சோலோக்களை கிளிங்க்கோடு உட்கார்ந்து செதுக்கிச் செதுக்கிச் சுருக்கினார். அந்த வாடகை ஆம்ப்பைத் திருப்பித் தராமலே வைத்துக்கொள்ளப் பார்த்தாராம். நடக்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. அதே மாடல் ஆம்ப்பைக் கடன் வாங்கியாவது வாங்கிவிட்டால் அந்தச் சத்தம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. வராது. புதுக் கம்பி, ஒழுங்காகச் செட்டப் செய்த கிட்டார், ஒவ்வொரு டேக்குக்கும் (ஒருமுறை வாசித்துப் பதிவதற்கும்) முன் ட்யூனிங், இந்த மூன்றும் இருந்தால் சாதாரண ஆம்ப்பே பாதித் தூரம் கொண்டுபோய்விடும். டிரம்ஸுக்கும் இதேதான், தேய்ந்துபோன தோலோடு வந்தால் எந்த மைக்கும் காப்பாற்றாது. இன்னொன்று, இந்த ஆல்பத்தில் கிட்டார் தடித்துக் கேட்பதற்குப் பாதிக் காரணம் இரண்டு பேர் ஒரே விஷயத்தை வாசிக்காததுதான். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் ஒரு காதில் ஸ்லாஷ், இன்னொரு காதில் இஸ்ஸி. ஸ்லாஷ் நிரப்பும் இடத்தில் இஸ்ஸி விலகி நிற்பார். இஸ்ஸியின் கிட்டாரில் டிஸ்டார்ஷன், அதாவது ஆம்ப்பின் கரகரப்பு, குறைவு. அதனால் ஒவ்வொரு அடியும் தனியாகத் தெரியும். புதிதாக வரும் குழுக்களில் இரண்டு கிட்டாரிஸ்டும் அந்தக் கரகரப்பைக் கூட்டும் கெய்ன் குமிழை முழுக்கத் திருப்பி வைத்து ஒரே கார்டை அடிப்பார்கள். மிக்ஸிங்கில் அது ஒரு பெரிய இரைச்சலாகத்தான் வந்து சேரும். கெய்னைப் பாதியாகக் குறைத்து வாசித்துப் பாருங்கள், சத்தம் பெரிதாகும். நம்ப மாட்டார்கள், கேட்ட பிறகு நம்புவார்கள்.

குரல் பதிவு இன்னும் நீண்டது. ஆக்ஸல் ஒவ்வொரு வரியாகப் பாடிப் பதிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மற்றவர்கள் பொறுமை இழந்து ஸ்டுடியோவை விட்டே போய்விட்டார்கள். காட்டுத்தனமாகக் கத்துகிறார் என்று நாம் நினைக்கிற குரல், வரிக்கு வரி நின்று நிதானித்து எடுத்த குரல். இந்த முறையை எல்லாருக்கும் நான் சொல்ல மாட்டேன். பலருக்கு முழுப் பாட்டாகப் பாடினால்தான் உணர்ச்சி வரும். ஆனால் “ஒரே டேக்குல பாடிடுவேன், அதுதான் உண்மை” என்று சொல்லிக்கொண்டு சோம்பலை மறைப்பவர்களுக்கு இந்தத் தகவலைச் சொல்வதுண்டு.

இந்தக் கட்டத்தில் கிளிங்க் நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் வேலை பார்த்தார். இதைப் பார்த்து யாரும் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பான எல்லை, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷின் பரிந்துரை. ஒத்திகை அறையில் டிரம் செட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் சில நிமிடங்களிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுவார்கள். காதடைப்பான் போடுங்கள். இரவெல்லாம் வேலை பார்த்துக் களைத்த காதோடு எடுத்த மிக்ஸிங் முடிவு காலையில் நிற்பதில்லை.

மிக்ஸிங் நியூயார்க்கில், மீடியாசவுண்ட் ஸ்டுடியோவில். ஸ்டீவ் தாம்ப்சன், மைக்கேல் பார்பியேரோ என்ற இருவர் செய்தார்கள். கணினி ஆட்டோமேஷன் இல்லாமல், பாட்டு ஓட ஓட ஃபேடர்களை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்திகளை) கையால் ஏற்றி இறக்கிச் செய்த மிக்ஸ். மிக்ஸிங்குக்குப் பிறகு வெளியீட்டுக்கான கடைசி ஒலி வேலையான மாஸ்டரிங் ஜார்ஜ் மரீனோ. இன்றைக்கு வரும் பல ராக் ஆல்பங்களோடு சேர்த்துப் போட்டுக் கேட்டால் இது சத்தம் கம்மியாகத் தெரியும். வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினால் போதும், டிரம்ஸ் குதிக்கும். அந்த ஏற்ற இறக்கத்தை லிமிட்டரால் (உச்ச சத்தத்தை அமுக்கும் கருவியால்) நசுக்கிவிட்டு “பச்சையா இல்லையே” என்றால் என்ன செய்வது? ஸ்ட்ரீமிங் தளங்கள் பெரும்பாலும் எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிபரப்புகின்றன. நசுக்கிய பாட்டை அவையே இறக்கிவிடும். இதே குழு 2008-ல் வெளியிட்ட ‘சைனீஸ் டெமாக்ரசி’க்கு மாஸ்டரிங் செய்த பாப் லட்விக் மூன்று விதமாகச் செய்து கொடுத்தார். நசுக்காத வடிவத்தைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆல்பத்துக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 3,70,000 டாலர். அட்டைப்படத்துக்கு வைத்த ராபர்ட் வில்லியம்ஸின் ஓவியத்தைப் பல கடைகள் ஏற்க மறுத்தன. அதை உள்ளே தள்ளிவிட்டு ஐந்து மண்டையோடுகள் கொண்ட சிலுவையை முன்னால் போட்டார்கள்.

வெளியான அன்று ஒன்றும் நடக்கவில்லை. 1987 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 182-ஆம் இடத்தில் நுழைந்தது. தி கல்ட், மாட்லி க்ரூ என்று அடுத்தவர்களுக்கு முன்னால் வாசிக்கும் குழுவாகவே ஊர் ஊராகச் சுற்றினார்கள். இசைத் தொலைக்காட்சியான எம்டிவி, ஆல்பத்தின் ‘வெல்கம் டு த ஜங்கிள்’ வீடியோவைத் தொடவில்லை. அவர்களை ஒப்பந்தம் செய்த டாம் ஸூட்டாட், முதலாளி டேவிட் கெஃபனிடம் முறையிட்டு, அவர் எம்டிவியிடம் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் ஒரே ஒரு முறை போட்டார்கள். தொலைபேசிகள் அலற ஆரம்பித்தன. ஆனாலும் முதலிடம் வந்தது 1988 ஆகஸ்ட் 6-ல்தான், ஒரு வருடம் கழித்து. ‘ஸ்வீட் சைல்ட் ஓ மைன்’ செப்டம்பரில் சிங்கிள் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வானொலிக்காக அந்தப் பாட்டின் கிட்டார் சோலோவை வெட்டிச் சுருக்கியது குழுவுக்குப் பிடிக்கவில்லை, அது தனிக்கதை. இன்று அமெரிக்காவில் மட்டும் 1.8 கோடிப் பிரதிகளுக்கான சான்றிதழ் அந்த ஆல்பத்துக்கு இருக்கிறது. பாட்டை இணையத்தில் ஏற்றிய வாரத்திலேயே பார்வைகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் குழுவைக் கலைப்பவர்களுக்கு அந்த 182 என்ற எண்ணை ஞாபகப்படுத்தலாம்.

கடைசியாகப் பணம். ஒப்பந்தத்தின்போது குழுவுக்குக் கிடைத்த முன்பணம் 75,000 டாலர். முன்பணம் என்பது பரிசு அல்ல. இதுபோன்ற ஒப்பந்தங்களில் அதுவும், பெரும்பாலும் ரெக்கார்டிங் செலவும், பிற்பாடு உங்கள் ராயல்டியிலிருந்து, அதாவது விற்பனையில் உங்களுக்கு வர வேண்டிய பங்கிலிருந்து, கழிக்கப்படும். கழிந்து முடியும்வரை பாட்டு ஓடினாலும் அந்தக் கணக்கில் கைக்கு ஒன்றும் வராது. கையெழுத்துப் போடும் முன் இசைத்துறை ஒப்பந்தம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இந்த விஷயத்தில் அவர்கள் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். பாடல்களைக் குழுவின் பெயரிலேயே போட்டார்கள். வெளியிலிருந்து உதவிய வெஸ்ட் ஆர்கீனுக்கும், முந்தைய குழுவான ஹாலிவுட் ரோஸ் காலத்துக் கூட்டாளி கிறிஸ் வெபருக்கும் அவரவர் பாட்டில் பெயர் போட்டார்கள். ஆனாலும் போதைப் பழக்கத்தைக் காரணம் காட்டி 1990-ல் ஆட்லரை வெளியேற்றியபோது அது வழக்கில் போய் நின்று, 1993-ல்தான் சமரசமாக முடிந்தது. ஆகவே பாட்டு முடிந்த அன்றைக்கே, எல்லாரும் நண்பர்களாக இருக்கும்போதே, யார் எழுதியது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். யாராவது விலகினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வரி சேருங்கள். ரெக்கார்டிங் நாளன்று மைக் வைக்கும் நேரத்தில் இதைக் கேட்டால் பல குழுக்களில் முகம் மாறுகிறது. மாறினாலும் பரவாயில்லை, நான் கேட்கத்தான் செய்கிறேன்.