காது வலித்தால் பொறுக்காதீர்கள், மேலே வாருங்கள்

திருமண நாளைக் கொண்டாட மாலத்தீவுக்குச் சென்று திரும்பும் தம்பதியரில் ஒருவர் காதைப் பிடித்துக்கொண்டு காது மருத்துவரான என்னைத் தேடி வருவது இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டது. அண்மையில் வந்தவர் சொன்னதும் நான் பலமுறை கேட்டதுதான்: ஊரிலிருந்து புறப்படும்போதே சளி இருந்திருக்கிறது, ஆனாலும் காற்று உருளையைச் சுமந்து கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா டைவிங்குக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, மனைவியும் ஆசையோடு காத்திருந்தார் என்பதால் கடலில் இறங்கியிருக்கிறார். சில அடிகளிலேயே காது வலிக்கத் தொடங்க, பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் இறங்கியபோது வலி சட்டென்று மறைந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மையில் செவிப்பறை கிழிந்து, இருபுறமும் அழுத்தம் சமமாகிவிட்டதால்தான் வலி நின்றது.

அறிமுக டைவிங்தானே, 12 மீட்டருக்குமேல் அழைத்துச் செல்ல மாட்டார்களே, அதற்குள் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறார்கள். ஆழம் குறைவு என்பது காதுக்கு எந்தப் பாதுகாப்பும் அல்ல. கடல் மட்டத்தில் ஒரு மடங்காக இருக்கும் அழுத்தம் 10 மீட்டரில் இரண்டு மடங்காகவும், 20 மீட்டரில் மூன்று மடங்காகவும் உயர்கிறது. ஆகவே, முதல் 10 மீட்டருக்குள்ளேயே, செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவியில் உள்ள காற்று பாதியாகச் சுருங்க முயல்கிறது. அடுத்த 10 மீட்டரில் ஏற்படும் மாற்றம் அதைவிடக் குறைவு. காதுக்கு மிகவும் கடினமான பகுதி, முதல்முறை இறங்குபவர் "இன்னும் ஆழத்துக்கே போகவில்லையே" என்று நினைக்கும் அந்த முதல் சில மீட்டர்கள்தான்.

என்னை மிகவும் வருத்துவது, "எல்லாருக்கும் வலிக்கும், கொஞ்சம் பொறுத்தால் பழகிவிடும்" என்ற நம்பிக்கை. பழகாது. நடுச்செவியையும் மூக்கின் பின்பகுதியையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழாய் பெரும்பாலான நேரம் மூடியே இருக்கிறது. நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மட்டும் திறந்து காற்றை உள்ளே விடுகிறது. வெளியழுத்தம் சிறிதளவு கூடும்போதே மூக்கை மூடி மென்மையாக ஊதினால் அது திறந்துவிடும். வலி வரும்வரை காத்திருந்து மேலும் இறங்கினாலோ, அழுத்த வேறுபாடு குழாயின் மென்மையான வாய்ப்பகுதியை இறுக்கி மூடிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு ஊதினாலும் காற்று போகாது. அந்த நிலையில் முழு பலத்தோடு ஊதுவது இன்னும் ஆபத்தானது. உட்செவியின் மெல்லிய சவ்வு கிழிந்து கேட்கும் திறனே பாதிக்கப்படலாம். செவிப்பறைக் கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடும் என்று ஆறுதல் சொல்ல என்னால் முடியும். உட்செவி பாதிப்புக்கு அப்படி உறுதி சொல்ல முடியாது. வலி என்பது பொறுமைக்கு வைக்கும் சோதனை அல்ல. குழாய் மூடிக்கொண்டது, மேலே ஏறு என்று உடல் இடும் கட்டளை.

செவிப்பறை கிழிந்தால் காது மட்டுமே கெடும் என்றும் எண்ண வேண்டாம். உடல் சூட்டைவிடக் குளிர்ந்த கடல்நீர் நடுச்செவிக்குள் நுழைந்ததும் கடுமையான தலைச்சுற்றல் ஏற்பட்டு, மேல் எது கீழ் எது என்பதே தெரியாமல் போகலாம். கடலுக்கடியில் அந்தப் பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக மேலே பாய்பவருக்கு நுரையீரலே காயமடையக்கூடும்.

சளியோடு இறங்கவே கூடாது. மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம் என்பவர்களுக்கும் சொல்கிறேன்: கடலுக்கடியில் மருந்தின் வேகம் தணிந்தால், மேலே ஏறும்போது காற்று வெளியேற வழியின்றி வலிக்கும், அப்போது ஏறாமல் இருக்கவும் முடியாது. டைவிங் மையத்தில் தரும் உடல்நலப் படிவத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் "இல்லை" என்று குறித்துக் கையெழுத்திடும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். காது அறுவை சிகிச்சை, ஆஸ்துமா, இதய நோய் ஆகியவற்றை நீங்கள் மறைத்தால் பயிற்றுநருக்கு அவை எப்படித் தெரியும்? கருவுற்றிருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தாலே டைவிங் வேண்டாம்.

இறங்குபவர்கள், நீரின் மேற்பரப்பிலேயே ஒருமுறை மூக்கை மூடி மென்மையாக ஊதிக் காதைச் சமன்செய்து பாருங்கள். ஒரு காது திறக்காவிட்டாலும் இறங்காதீர்கள். கயிற்றைப் பிடித்துக் கால் கீழாக மெதுவாக இறங்குங்கள். ஒவ்வோர் அரை மீட்டருக்கும், வலிப்பதற்கு முன்பே, மென்மையாக ஊதுங்கள். அடைத்தால் சற்று மேலேறி மீண்டும் முயலுங்கள். இரண்டு மூன்று முறைக்குப் பின்னும் திறக்கவில்லை என்றால் அன்றைய டைவிங் முடிந்தது. உள்ளங்கையை ஆட்டிக் காட்டிவிட்டுக் காதைச் சுட்டினால் பயிற்றுநர் புரிந்துகொள்வார். கட்டைவிரலை உயர்த்துவதற்கு அங்கே "மேலே போகலாம்" என்று பொருள். நலமாக இருப்பதைச் சொல்ல, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

வலியோடு வெளியே வந்தபின் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். அன்போடு பெரியவர்கள் சொல்லும் இந்த வைத்தியம் கிழிந்த செவிப்பறை வழியாக உள்ளே சென்று கிருமித்தொற்றில் முடிவதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். சொட்டு மருந்தும் வேண்டாம், தண்ணீரும் படவேண்டாம். காது கேட்காமை, இரைச்சல், நிற்காத தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் ஊர் திரும்பும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். உட்செவிக்கான சிகிச்சையில் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் இழப்புதான்.

கடைசி நாள் காலையில் டைவிங், மதியம் கடல் விமானம், இரவு ஊருக்கு விமானம் என்று திட்டமிடாதீர்கள். இது காதுக்காக அல்ல; ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும் என்பதற்காக. ஒருமுறை மட்டும் இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை அல்லது தொடர்ந்து பல நாட்கள் இறங்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்பது பொதுவான பரிந்துரை. தாழப் பறப்பதுதானே என்று கடல் விமானத்துக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளாதீர்கள். டைவிங்கைப் பயணத்தின் முதல் பாதியில் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே எழாது.

தம்பதியரிடம் ஒரு வேண்டுகோள். துணைவருக்குச் சளி என்றால் "எனக்காக வாயேன்" என்று அழைக்காதீர்கள்; ஏமாற்றம் தரக்கூடாதே என்பதற்காகவே வலியை மறைத்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். நீரின் மேற்பரப்பில் மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்கெலிங்கில் காதுக்கு இந்த அழுத்தம் இல்லை. மாலத்தீவின் பல தீவுகளில் கரையை ஒட்டியே பவளப்பாறைகள் இருக்கின்றன. பாதுகாப்பு மேலங்கி அணிந்து, விடுதியினர் காட்டும் எல்லைக்குள், இருவருமே அவற்றைப் பார்த்துவிட்டு வரலாம்.