"வண்டி நேராகத்தானே போகுது?": பிக்கப்பின் முன்பக்கத்தை உயர்த்துகிறவர்கள் கவனத்துக்கு

நின்றபடி பார்த்தால் டயருக்கு ஒரு குறையும் இல்லை. வெளிப்பக்கப் பட்டன்கள் புதிது போல நிற்கின்றன. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, குனிந்து, உள் விளிம்பைப் பாருங்கள்: ரப்பர் தேய்ந்து போய்க் கம்பி மினுங்குகிறது. தாழ்ந்திருக்கும் முன்பக்கத்தைப் பின்பக்க உயரத்துக்குத் தூக்கும் லெவலிங் கிட் போட்டுச் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஆகியிருக்கும். ஏன் அலைன்மென்ட் பார்க்கவில்லை என்று கேட்டால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "எந்தப் பக்கமும் இழுக்கலையே, நேராத்தானே போகுது!"

இந்த ஒரு நம்பிக்கை தின்ற டயர்களுக்குக் கணக்கே இல்லை. அதனால் இதை நிதானமாகவே சொல்கிறேன். வண்டி ஒரு பக்கம் இழுப்பது இடமும் வலமும் வேறுபடும்போது. கேம்பரோ (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம்), காஸ்டரோ (பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) ஒரு சக்கரத்தில் ஒரு மாதிரியும் மறுசக்கரத்தில் வேறு மாதிரியும் இருந்தால் இழுக்கும். டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது, அப்படியல்ல. இரண்டு முன்சக்கரங்களும் ஒரே அளவு வெளியே பார்த்து நின்றால் இடது சக்கரம் இடப்பக்கம் போகப் பார்க்கும், வலது சக்கரம் வலப்பக்கம் போகப் பார்க்கும். இரண்டும் சமம். வண்டி நேராகத்தான் போகும். கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சம பலம் என்றால் கயிறு நகராது. ஆனால் இழுக்கிறவர்களின் உள்ளங்கை தோல் உரியும். இங்கே உரிவது டயர்.

எவ்வளவு உரியும்? சக்கரம் 1 டிகிரி திரும்பி நின்றால், வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் பக்கவாட்டில் சுமார் 17 மீட்டர் தேய்த்துக்கொண்டே வருகிறது. 0.2 டிகிரி என்றாலும் கிலோமீட்டருக்கு 3.5 மீட்டர். 30 அங்குல விட்டமுள்ள டயரில் இந்த 0.2 டிகிரி என்பது முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் இடையே 3 மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணால் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று சொல்வதற்கு இங்கே இடமே கிடையாது.

கண்ணை விடக் கை நம்பகமானது. டயர் மேல் உள்ளங்கையை வைத்து வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகத் தடவுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழுவழுவென்றும் மறுதிசையில் ரம்பப் பல் போலக் கூராகவும் பட்டால் டோ கெட்டிருக்கிறது. உள்ளிருந்து வெளியே இழுக்கும்போது கூர் தட்டினால் சக்கரங்கள் உள்நோக்கி நிற்கின்றன. வெளியிலிருந்து உள்ளே போகும்போது தட்டினால் வெளிநோக்கி நிற்கின்றன. டயர் பார்வைக்குத் தேய்வதற்கு முன்பே இந்தக் கூர் கையில் தெரிந்துவிடும். மாதம் ஒரு தடவை தடவிப் பாருங்கள், போதும். கம்பி வெளியே வந்திருக்கலாம் என்று சந்தேகமுள்ள டயரில் மட்டும் கையை வைக்காதீர்கள், கிழித்துவிடும்.

சரி, முன்பக்கத்தை உயர்த்தினால் டோ ஏன் மாறுகிறது? ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும், சக்கரத்தைச் சேசிஸோடு பிடித்திருக்கும் கீழ் ஆர்மும் வெவ்வேறு நீளம், வெவ்வேறு மையம்; உயரம் மாறும்போது இரண்டும் வெவ்வேறு வளைவில் நகரும், சக்கரம் திரும்பிவிடும். அவ்வளவுதான். டை ராட் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத் திசை மாறும். மாறாமல் மட்டும் இருக்காது.

"ரெண்டு அலுமினியத் துண்டு வைக்கிறதுக்கு இவ்வளவா?" என்று நினைக்கிறவர்கள் அந்தத் துண்டு செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் கீழ்முனை ஆர்மின் நடுவாக்கில் பிடித்திருக்கிறது, சக்கரமோ ஆர்மின் நுனியில். அதனால் ஸ்ட்ரட்டின் மேலே வைக்கும் 1 அங்குலத் துண்டு (ஸ்பேசர்) பல வண்டிகளில் சக்கரத்தில் ஏறக்குறைய 2 அங்குலமாகிவிடும். 2 அங்குலம் வேண்டும் என்று 2 அங்குலத் துண்டை வாங்கி வைப்பவர்களும், ஒரு ஸ்பேசர் மேல் இன்னொன்றை அடுக்குகிறவர்களும் தயவுசெய்து உடனே கழற்றிவிடுங்கள். ஸ்ட்ரட் முழுவதும் கீழே தள்ளப்பட்டிருப்பதால், குழியில் சக்கரம் தொங்கும்போது ஆர்ம் கம்பெனி விட்ட எல்லையைத் தாண்டித் தொங்கும். ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டின் தண்டு அதன் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும். சில வண்டிகளில் மேல் ஆர்ம் காயில் ஸ்பிரிங்கிலேயே போய் உரசும். பிரேக் ஹோஸ் விறைக்கும், ஏபிஎஸ் ஒயர் இழுபடும். மேடு ஏறும்போது இதற்கு நேரெதிர்: ஷாக் வழக்கத்தை விட அதிகமாக அமுங்கி, உள்ளுக்குள்ளேயே அடி வாங்கும்.

காயில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கிக் கொடுக்கும் கம்பியான டார்ஷன் பாரைத் திருகி உயர்த்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திருகியதும் வண்டி தூக்கிப்போடுகிறது என்றால், பார் கெட்டியாகிவிட்டது என்று பொருளில்லை. பார் அதேதான். சக்கரம் கீழே இறங்க இருந்த இடத்தை நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஆர்ம் கீழ் ஸ்டாப்பரில் போய் முட்டுகிறது.

இனி அந்தப் பச்சை நிறச் சீட்டு. அலைன்மென்ட் செய்து, எல்லா எண்ணும் எல்லைக்குள், பச்சையில் வந்துவிட்டது என்று சீட்டைக் காட்டுவார்கள். அதில் காஸ்டர் எண்ணைப் படியுங்கள். பல வண்டிகளில் கீழ் ஆர்மின் ஒரே ஜோடி கேம் போல்ட்தான் (திருப்பினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்) கேம்பருக்கும் காஸ்டருக்கும். உயர்த்தியதால் கெட்ட கேம்பரைச் சரிக்கட்டக் காஸ்டரிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். எண் பச்சையின் அடிமட்ட ஓரத்தில் போய் நிற்கும். விளைவு, வேகத்தில் வண்டி சாலையில் அலையும், வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. இடது வலது காஸ்டர் வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேம் போல்ட் கடைசி வரை திரும்பியும் கணக்கு வரவில்லை என்றால் வழி இரண்டுதான்: உயர்த்திய வண்டிக்கென்று கோணம் திருத்திச் செய்த மேல் ஆர்ம் போடுங்கள், இல்லையேல் உயரத்தைக் குறையுங்கள். போல்ட் ஓட்டையை அரம் போட்டு நீட்டித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பெரும்பாலோர் கேள்வியே படாத விஷயம் புஷ். ஆர்மின் உள்முனையில் இருக்கும் ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுழலாது. உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஒன்று, நடுவில் இரண்டோடும் ஒட்டிப் பிடித்த ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் சேசிஸோடு கட்டுண்டுவிடும். ஆர்ம் ஆடும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கும். பழைய உயரத்தில் இறுக்கிய போல்ட்டை அப்படியே விட்டு வண்டியை உயர்த்தினால், அந்த ரப்பர் இரவும் பகலும் முறுக்கிலேயே நிற்கும். வண்டி ஓடாமல் நின்றாலும் விடுதலை இல்லை. பிறகு வெடிக்கும், ஆர்ம் ஆட்டம் கொடுக்கும், செய்த அலைன்மென்ட் வீணாகும். செய்ய வேண்டியது சின்ன வேலை: கிட் போட்டு, சக்கரங்களைத் தரையில் இறக்கி, வண்டியை நாலு தடவை அமுக்கி விட்டு, ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டி தன் எடையில் நிற்கும்போதே சொல்லப்பட்ட டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்குங்கள். அதற்குப் பிறகுதான் அலைன்மென்ட். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் செய்யாததற்குச் சமம்.

நாலு சக்கர டிரைவ் வண்டி என்றால் சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டான சிவி ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை, அதாவது பூட்டை, பாருங்கள். கோணம் கூடினால் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசித் தேயும். சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் ஏற்கெனவே கிழிந்துவிட்டது. மணல் உள்ளே போய் ஜாயின்ட் கத்தும் வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. முன்பக்கம் தாழ்ந்திருப்பது கம்பெனியின் தவறல்ல. பின்னால் சுமை ஏற்றினால் வண்டி சமமாக வர வேண்டும் என்று கணக்குப் போட்டு விட்ட இடம் அது. முன்பக்கத்தை உயர்த்திவிட்டுச் சுமையும் ஏற்றினால் மூக்கு வானத்தைப் பார்க்கும். வெறும் வண்டியிலேயே 5 செ.மீ. உயர்வு என்பது ஏறக்குறைய 0.9 டிகிரி சாய்வு. 10 மீட்டர் தூரத்தில் ஹெட்லைட் வெளிச்சம் அதனால் மட்டுமே சுமார் 16 செ.மீ. மேலே ஏறிவிடும். எதிரே வருகிறவரின் கண்ணை நினைத்து அன்றைக்கே திருத்துங்கள். முன்கண்ணாடியில் கேமரா உள்ள வண்டிகளில் அதன் அளவுத்திருத்தத்தையும், அலைன்மென்ட்டுக்குப் பின் ஸ்டியரிங் கோண சென்சாரையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

கிட் போடுவதற்கு முன் நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். போட்ட பிறகும் அளங்கள். முதல் 100 கிலோமீட்டரில் ஸ்ட்ரட் நட்டுகளின் இறுக்கம் பார்க்க வேண்டும். 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் உயரத்தை மறுபடி அளந்து, படிந்திருந்தால் மறுபடி அலைன்மென்ட். அந்தச் செலவைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் ஒரு ஜோடி டயரின் விலையை விசாரித்துவிட்டு வாருங்கள்.

வீட்டிலேயே கிட் போடுகிறவர்களிடம் ஒரே கெஞ்சல். ஸ்ட்ரட்டின் தலையில் ஓரமாக இருக்கும் நட்டுகளைக் கழற்றினால் போதும். நடுவில் இருக்கும் ஒற்றை நட்டு, அமுக்கப்பட்ட ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டாமல் அதைத் திருப்பினால் ஸ்பிரிங் பாய்ந்து வரும், ஆளைக் கொன்றுவிடும். ஸ்பிரிங்குக்கும் மேல் மவுண்ட்டுக்கும் இடையே வைக்கும் ஸ்பேசர்தான் உங்கள் கிட்டில் வந்திருக்கிறது என்றால், அந்த ஸ்ட்ரட்டை அப்படியே கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அதை வீட்டில் பிரிக்க வேண்டாம்.