முழங்காலைக் கேட்டுவிட்டு இலக்கு எழுதுங்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது. பதினான்கு வயதுப் பையன், வாலிபால் ஆடுகிறவன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி என் பிசியோதெரபி அறைக்கு வந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கிறது. விரல் பட்டதும் காலை இழுத்துக்கொள்கிறான். பின்னால் வந்த அப்பா உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "ஆறு வாரத்தில் செலக்ஷன் சார், அதற்குள் சரியாகிவிட வேண்டும்."

பையனிடம் ஒரு நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'மாநில அணி'. அதற்குக் கீழே, 'மூன்று மாதத்தில் ஆறு அங்குலம் கூடுதலாகக் குதிக்க வேண்டும்'. அதற்கும் கீழே, 'தினமும் 300'. மொட்டை மாடியில், சிமெண்டுத் தரையில், வெறுங்காலோடு. எட்டிய உயரத்தைச் சாக்குக்கட்டியால் சுவரில் கோடு போட்டுத் தேதியும் எழுதியிருக்கிறான். அப்பாவின் செல்போனில் படம் காட்டினான். முதல் பத்து நாள் கோடு ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. இறங்கிய நாளிலெல்லாம் கோபத்தில் நூறு கூடுதலாகக் குதித்திருக்கிறான்.

கால் களைத்துவிட்டது, கோடு இறங்கியது. அவ்வளவுதான். அதைச் சொல்ல அந்த மாடியில் ஒருவரும் இல்லை.

வளரும் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் வரும் வலிக்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். பெரும்பாலும் குதிப்பதைக் குறைத்தாலே அடங்கும். எனக்கு ஆத்திரம் வந்தது அந்த நோட்டின் முதல் வரியைப் பார்த்துத்தான்.

மாநில அணி என்பது ஆசை. தாராளமாக ஆசைப்படு, தம்பி. ஆனால் தேர்வன்று எத்தனை செட்டர்கள் (அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக்கொடுப்பவர்கள்) வருவார்கள், தேர்வாளர்கள் எந்த இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள், உன்னைவிட அரையடி உயரமானவன் பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்து நிற்பானா, இவற்றில் எது உன் கையில் இருக்கிறது? கையில் இல்லாததை இலக்கென்று எழுதிவைத்தால், கைக்குக் கிடைக்கிற ஒரே பொருளான உடம்பைப் போட்டு வதைக்கத்தான் தோன்றும். 'பெரிதாகக் கனவு காண்' என்று ஆண்டுவிழா மேடையில் முழங்குகிறவர்கள் யாரும் மறுநாள் முழங்காலுக்கு ஐஸ் வைக்க வருவதில்லை.

'உயரம் போதாது' என்று வேறு புலம்பல். ஆண்களுக்கான வலை 2.43 மீட்டர் என்பது உண்மை. ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு ஆடிய செட்டர் செக்கிதா 175 செ.மீ., பின்வரிசையில் நின்று பந்தை எடுத்துக்கொடுக்கும் லிபரோ யமமோட்டோ 171 செ.மீ. வலையின் உயரத்துக்கு மேலே இருக்கும் பந்தை லிபரோ எதிர்ப்பக்கம் அடிக்கவே விதியில் இடமில்லை. அவருக்கு வேலை தரையருகே. ஸ்மாஷ் அடிப்பவன் மட்டும்தான் ஆட்டக்காரன் என்று நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இதற்கு நேரெதிர் வகையும் உண்டு. தோள்வலியோடு வந்த ஒரு கல்லூரி மாணவி, 'ஒரு சர்வீஸ்கூட வீணாகக் கூடாது' என்று எழுதிவைத்திருந்தாள். அதைச் சாதித்தும் விட்டாள்: தோளை இறுக்கிக்கொண்டு, பந்தை மெதுவாகத் தூக்கித் தூக்கிப் போட்டு. எதிரணிக்கு அது விருந்து. அவளுடைய பயிற்சியாளரும் நானும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம்: இருபது சர்வீஸில் பன்னிரண்டு, எதிர்ப்பக்கத்தின் கடைசி 3 மீட்டருக்குள் விழ வேண்டும், நான்கு வெளியே போகலாம். அந்த நான்கைப் படித்ததும் அவள் தோள் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். (பத்து நாள் சிகிச்சையில் இறங்காத தோள் அது.)

ஆகவே தயவுசெய்து எண்ணக்கூடியதை, உங்களால் செய்யக்கூடியதை எழுதுங்கள். எட்டும் உயரத்தை மாதம் ஒருமுறை அளந்தால் போதும், அதுவும் ஓய்வெடுத்த மறுநாள். கடுமையாகக் குதித்த நாளுக்கு அடுத்த நாள் குதிக்காதீர்கள். ஓய்வுநாளையும் நோட்டில் இலக்காகவே எழுதுங்கள். திடீரென்று உயரம் கூடும் மாதங்களில் கைகால் சொன்னபடி கேட்காது. அப்போது இலக்கைக் குறைத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். காலையில் படி இறங்கும்போது முழங்கால் வலித்தால், முந்தைய நாள் அளவு மீறிவிட்டது என்று கொள்ளுங்கள். பட்டை கட்டிக்கொண்டும் ஸ்பிரே அடித்துக்கொண்டும் ஆடாதீர்கள். உடற்கல்வி ஆசிரியர்களே, பிள்ளை நொண்டினால் 'நடிக்காதே' என்று சொல்வதற்கு முன் ஒருமுறை குனிந்து காலைப் பாருங்கள்.

அந்தப் பையன் ஐந்து வாரம் கழித்து வந்தான். வலி வெகுவாகக் குறைந்திருந்தது. நோட்டில் புதுப் பக்கம். செட்டர் நிற்கும் இடத்தில் தங்கையை நிறுத்தி, அவள் இரண்டு எட்டுக்கு மேல் நகராமல் பிடித்த பாஸை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறான். முப்பதில் பதினொன்று. பந்து போட்டது அப்பாவாம்.