ஸ்கான் நோர்மல், பிள்ளை நோர்மலோ?

“சேர், ஸ்கான் நோர்மல் எண்டு சொன்னவை. பிறகேன் இவன் இப்பிடி இருக்கிறான்?”

யாழ்ப்பாணத்தில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிற எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. கேட்பது பெரும்பாலும் அம்மா. பக்கத்துக் கதிரையில் பதினாறு வயதுப் பெடியன், யன்னல் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருப்பான். மூன்று கிழமைக்கு முன் உதைபந்தாட்டத்தில் தலையும் தலையும் மோதுப்பட்டது. மயங்கி விழவில்லை. ஒருக்கா வாந்தி. ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்து, ஓரிரவு வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்று பின்னேரமே கணித ரியூசன். இப்போது கரும்பலகையைப் பார்த்தால் தலையிடி, ஒரு வரியை மூன்று தரம் வாசிக்கிறான், தங்கச்சி ரீவீ சத்தத்தைக் கூட்டினால் எரிந்து விழுகிறான். “பஞ்சி பிடிச்சிட்டுது சேர், வேறொண்டுமில்லை” என்பார் அப்பா.

அப்பாவோடு வாதாடுவதில்லை. சுவரில் ‘அ’ என்று எழுதிய ஒரு துண்டு ஒட்டியிருக்கிறேன். அதையே பார்த்தபடி தலையை மட்டும் இடமும் வலமும் வேகமாக ஆட்டச் சொல்வேன். நமக்கெல்லாம் எழுத்து அசையாமல் நிற்கும். அந்தப் பெடியன் ஐந்தாறு தரம் ஆட்டிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டான். “எழுத்து துள்ளுது சேர். தலை சுத்துது.” முகம் வெளிறி நெற்றியில் வியர்வை. பஞ்சி பிடித்தவனுக்கு இப்படி வியர்க்காது.

இதன் பெயர் கன்கஷன். மூளையதிர்ச்சி என்று தமிழில் எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு மூளை அதிர்வு என்பதுதான் பிடிக்கும். அதிர்ச்சி என்றால் நம் காதில் செத்தவீட்டுச் செய்தி கேட்ட மாதிரி விழுகிறது.

ஸ்கான் ஏன் நோர்மல்? மூளை கிட்டத்தட்ட நுங்கின் பதம். கோதுக்குள் நீர் சூழ இருக்கிறது. ஓடுகிற தலை சட்டென்று நின்றாலோ திருகுப்பட்டாலோ கோது நின்றுவிடும், உள்ளே இருப்பது நிற்காது. நரம்பிழைகள் இழுபடுகின்றன. கலங்களுக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியே வருகிறது, வெளியே இருக்கவேண்டிய கல்சியம் உள்ளே போகிறது. அதைத் திரும்ப ஒழுங்குபடுத்த மூளைக்கு நிறையச் சக்தி வேண்டும். பார்த்தால், அந்த நேரம்தான் இரத்த ஓட்டமும் குறைகிறது. வரவு குறைந்த மாதத்தில் வீட்டில் கலியாணம் வந்தது போல. சீ.ரி. (CT) ஸ்கானுக்குத் தெரிவது இரத்தக் கசிவும் எலும்பு முறிவும். இந்தத் தட்டுப்பாடு அதற்குத் தெரியாது. ஆகவே ‘நோர்மல்’ என்றால் உள்ளே இரத்தம் கசியவில்லை என்று அர்த்தம். அது நல்ல செய்தி, தேவையான செய்தி. ஆனால் அம்மா கேட்டது வேறு கேள்வி.

இன்னொன்று, மயக்கம். “அவன் மயங்கேல்லையே” என்பதுதான் மைதானத்தில் முதலில் வருகிற வாதம். மூளை அதிர்வு வந்தவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை.

நானும் பிழை விட்டவன்தான். சில வருடங்களுக்கு முன், மின்னொளியில் நடந்த ஒரு சுற்றுப்போட்டி. கோல்காப்பாளரின் தலையில் எதிரணிக்காரனின் முழங்கால் பட்டது. தானாகவே எழும்பினான். ஒருத்தன் முகத்தில் தண்ணீர் அடித்தான், இன்னொருத்தன் சோடா உடைத்தான். நான் போய்ப் பெயர் கேட்டேன், சொன்னான். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன், சொன்னான். சரி, போ என்று விட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பின்வரிசைப் பெடியனிடம் அவன் கேட்டிருக்கிறான்: “மச்சான், நாங்கள் எந்தப் பக்கம் அடிக்கிறம்?”

கேள்விதான் பிழை. அடிபட்டவனுக்கும் சொந்தப் பெயர் மறக்காது. மடொக்ஸ் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1995இல் இதைத்தான் காட்டினார்கள். பெயரும் திகதியும் கேட்டுப் பயனில்லை, சற்று முன் நடந்ததைக் கேட்கவேண்டும். இது எந்த மைதானம்? இப்போது முதல் பாதியா இரண்டாவதா? கடைசியாகக் கோல் அடித்தது யார்? போன மட்ச் யாரோடு? அதில் வென்றோமா? ஒன்றுக்குத் தடுமாறினாலும் வெளியே எடுக்கவேண்டும். எல்லாம் சரியாகச் சொன்னாலும் தலையிடியோ தள்ளாட்டமோ ‘ஒரு மாதிரி இருக்கு’ என்ற பேச்சோ இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

அறிகுறி பிந்தியும் வரும். 2019 ஓகஸ்ட், லோர்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து அவுஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சோதித்துப் பார்த்தார்கள், திரும்பி வந்து 92 வரை ஆடினார். அடுத்த நாள் காலை தலையிடியும் மந்தமும். மூளை அதிர்வுக்கு மாற்று வீரர் இறங்கலாம் என்ற ஐசிசி விதி அந்த மாதம்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அப்படி முதலில் இறங்கியவர், ஸ்மித்துக்குப் பதிலாக வந்த லபுஷேன். சர்வதேச அணியின் மருத்துவர் பக்கத்தில் நின்றும் இப்படி என்றால், செம்மண் மைதானத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு நிற்கிற நாம் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்?

உங்கள் சொந்தக்காரப் பிள்ளை யாராவது ரொறன்ரோவில் விளையாடினால் றோவனின் சட்டம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒட்டாவாவில் றக்பி விளையாடிய பதினேழு வயதுப் பிள்ளை றோவன் ஸ்ட்றிங்கர். 2013 மே மாதம் சில நாள் இடைவெளிக்குள் திரும்பத் திரும்ப அடிபட்டாள். தலையிடி என்று சிநேகிதிகளுக்குச் சொன்னாள், பெரியவர்களுக்குச் சொல்லவில்லை. கடைசி அடிக்குப் பிறகு எழும்பவில்லை. முதல் அதிர்வு ஆறுவதற்கு முன் இரண்டாவது விழுந்தால் மூளை கட்டுக்கடங்காமல் வீங்கலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் கொல்லும். அவள் பெயரில் 2018இல், ரொறன்ரோவும் ஒட்டாவாவும் இருக்கிற ஒன்ராறியோ மாகாணம் சட்டம் கொண்டுவந்தது. வீரர்களும் பயிற்றுநர்களும், பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரும், மூளை அதிர்வு பற்றிய குறிப்பை ஒவ்வொரு வருடமும் வாசித்ததாக உறுதிப்படுத்தவேண்டும். ஒரு பக்கத் தாள்தான். இங்கே பாடசாலை விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களிடம் நான் கேட்பதும் அதைத்தான்.

உடனே 1990 அம்புலன்ஸை அழைக்கவேண்டிய தருணங்களைச் சொல்லிவிடுகிறேன்: வாந்தி திரும்பத் திரும்ப வருவது, தலையிடி ஏறிக்கொண்டே போவது, வலிப்பு, கை கால் விறைப்பு, இரண்டிரண்டாகத் தெரிவது, எழுப்ப எழுப்ப மயங்கிச் சரிவது, காதாலோ மூக்காலோ தண்ணீர் மாதிரி வடிவது. கழுத்து நோவு என்றால் ஆளைத் தூக்கி நிறுத்தவேண்டாம், படுத்தபடியே இருக்கட்டும்.

வைத்தியர் பார்த்து வீட்டுக்கு விட்ட பிறகு நித்திரை கொள்ளலாம். விடிய விடிய உலுப்பி எழுப்பத் தேவையில்லை. பனடோல் போதும். அஸ்பிரினும் இபுபுரோபனும் முதல் இரண்டு நாளைக்கு வேண்டாம்.

இனி ரியூசன் கதை. நம் ஊரில் இரண்டு கட்சி. கழகக்காரர் “அரையிறுதி சேர், ஒரு மட்ச் மட்டும்” என்று பெடியனை மைதானத்துக்கு இழுப்பார்கள். வீட்டுக்காரர் சப்பாத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, அன்றைக்கே புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். இரண்டு கட்சிக்கும் ஒரே மூளைதான் என்பது எப்படியோ மறந்துபோகிறது. பந்தடிக்க ஏலாத மூளைக்கு இரசாயனச் சமன்பாடு மட்டும் இலேசா?

முதல் ஒன்றிரண்டு நாள் வீட்டோடு ஆறுதலாக இருக்கட்டும், போனைக் குறைக்கட்டும். அதற்காக இருட்டறையில் பூட்டவும் வேண்டாம். ஒரு காலத்தில் நானே “படு, எழும்பாதே” என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2022இல் அம்ஸ்ரடாமில் கூடிய நிபுணர்களின் அறிக்கை அந்த முழு ஓய்வு உதவாது என்கிறது. இரண்டு நாளுக்குள்ளேயே மெல்ல நடக்கத் தொடங்கினால் விரைவாக ஆறும். படிப்பும் அப்படித்தான், துண்டு துண்டாக. ரியூசன் ஆசிரியருக்கு நான் ஒரு கடிதம் கொடுத்துவிடுவேன். அரை மணித்தியாலம் படித்தால் பத்து நிமிடம் வெளியே விடுங்கள். கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதவைக்காமல் நோட்ஸைப் பிரதி எடுத்துக் கொடுங்கள், ஏனென்றால் கண் மேலும் கீழும் ஓடும்போதுதான் தலை அதிகம் சுற்றும். ஒரு கிழமைக்குச் சோதனை வேண்டாம். ஒரு ஆசிரியர் கடிதத்தைப் பார்த்துச் சிரித்தாராம். இன்னொருவர் தன் பாடத்தைப் போனில் பேசிப் பதிந்தே கொடுத்தார்.

படிப்பு முழுதாகத் திரும்பிய பிறகுதான் மட்ச். நடை, ஓட்டம், தனியே பந்து, அறிகுறி முழுக்கப் போனபின் மோதலில்லாத பயிற்சி, வைத்தியர் ஓம் என்றபின் முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி கூடினால் அடுத்த நாள் வரை நிறுத்தவேண்டும். பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டு கிழமையில் ஆறிவிடும், பிள்ளைகளுக்கு நான்கு கிழமையும் ஆகலாம். தலைச்சுற்று நிற்கும்வரை சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வேண்டாம்.

கழகங்களுக்குப் போனால் ஒரு தந்திரம் சொல்வேன். அடிபட்டவனை வாங்கில் இருத்தினால் போதாது, நீங்கள் திரும்பிப் பார்க்கும்போது உள்ளே ஓடிவிடுவான். அவனுடைய ஒரு சப்பாத்தைக் கழற்றி வாங்கிவிடுங்கள் என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

போன மாதம் இரவு பத்து மணிக்குப் போன். ஒரு கழகத்தின் தலைவர். பின்னால் ஒலிபெருக்கிச் சத்தம்.

“சேர், எங்கட பெடியன் ஒருத்தனுக்குத் தலையில அடிபட்டுட்டுது.”

“கடைசியா ஆர் கோல் அடிச்சதெண்டு கேட்டீங்களோ தம்பி?”

“கேட்டனான். போன கிழமை மட்ச் கதையைச் சொல்லுறான். வாந்தி இல்லை, கழுத்து நோவும் இல்லை. இப்ப ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போறம்.”

“திரும்ப இறங்கப் பாத்தவனோ?”

“பாத்தவன். ஒரு சப்பாத்து என்ர பாக்குக்குள்ள கிடக்கு சேர்.”