கிரிகிரி உங்கள் எடையைக் கூட்டாது

ஒரே மாதத்தில் இது மூன்றாவது விபத்து. முதல் இரண்டுக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். மூன்றாவதாக வந்த பெண் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு என் முன்னால் உட்கார்ந்து, "என் கை விடவே இல்லை சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, இதை எழுதாமல் இருந்தால் தப்பு என்று தோன்றியது.

பெங்களூரில் பாறையேற்றம் கற்றுக்கொடுப்பது என் தொழில். வாரநாட்களில் உள்ளரங்குச் சுவர். விடுமுறை நாட்களில் ராமநகரா, குளிர்காலம் வந்தால் பாதாமி. வருகிறவர்களில் பாதிப்பேர் ஜோடியாக வருவார்கள். கணவன் மனைவி, அண்ணன் தங்கை, ஒரே அலுவலகத்து நண்பர்கள். ஒருவர் ஏறுவார், மற்றவர் கீழே நின்று பிலே செய்வார், அதாவது கயிற்றைப் பிடிப்பார். அதற்கு இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கருவிகளில் ஒன்றுதான் கிரிகிரி. அப்புறம் இடம் மாற்றிக்கொள்வார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். இவர் எடை என்ன, அவர் எடை என்ன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் சொல்லும் பெண் 52 கிலோ. கணவர் 91. கணவர் லீட் ஏறினார், அதாவது கயிற்றைத் தன்னோடு மேலே கொண்டுபோய் சுவரில் பதித்திருக்கும் ஒவ்வொரு போல்ட்டிலும் மாட்டிக்கொண்டே ஏறுவது. மூன்றாவது போல்ட்டைத் தாண்டி, நாலாவதை மாட்டுவதற்குள் கை வழுக்கி விழுந்தார். அவர் கீழே வந்த வேகத்தில் இந்தப் பெண் விருட்டென்று மேலே போனார். பாதி வழியில் இருவரும் மோதிக்கொண்டார்கள். சுவரில் முகம் அடிபடாமல் இருக்க அவர் இடது கையை நீட்டியிருக்கிறார். போனது அந்த மணிக்கட்டுதான். வலது கை, கயிற்றை அடக்கும் பிரேக் கை, இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால்தான் கணவர் பாதம் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெண் செய்ததில் ஒரு தவறும் இல்லை. என்னிடம் பயிற்சி பெற்ற பலர் அந்த நேரத்தில் இரண்டு கையையும் நீட்டியிருப்பார்கள்.

தவறு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. 52 கிலோ ஆளையும் 91 கிலோ ஆளையும் ஒரே கயிற்றின் இரண்டு முனையில் கட்டி, நடுவில் எதுவும் செய்யாமல் "ஏறுங்க சார்" என்று அனுப்பிய இடத்தில். அந்தச் சுவரில் ஒரு மூலையில் மணல் மூட்டை கிடந்ததாம். அது எதற்கு என்று யாரும் சொல்லவில்லையாம்.

"கிரிகிரிதானே போட்டிருந்தோம்?" என்று கணவர் கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. ஆகவே இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரிகிரி நல்ல கருவி. 1991-இல் பெட்ஸ்ல் கம்பெனி கொண்டுவந்தது. கயிறு திடீரென்று இழுபட்டால் உள்ளே கேம் என்ற ஒரு உலோகத் துண்டு சுழன்று கயிற்றை நசுக்கிப் பிடிக்கும். அது பிடிப்பது கயிற்றை. உங்களை அது தரையோடு பிடித்து வைக்காது. கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்களுக்கு இது உடனே புரியும். சின்னப் பிள்ளைகள் குடத்தை இறக்கும்போது அம்மாமார்கள் என்ன கத்துவார்கள்? "கயித்தைக் கையில சுத்தாதடா!" சுற்றாமல் பிடித்தால், பாரம் மிஞ்சும்போது கயிறு கையிலிருந்து உருவிக்கொண்டு போகும், தோல் உரியும், அவ்வளவுதான். சுற்றிக்கொண்டால் பிள்ளையும் கயிற்றோடு போகும். கிரிகிரி என்பது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதற்குச் சமம். கயிறு உருவாது. ஆனால் எதிர்முனையில் இருப்பவர் உங்களைவிட 40 கிலோ கூட என்றால், உருவாத கயிறு உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். சொல்லப்போனால் ஏடிசி போன்ற சாதாரணக் கருவியில் கயிறு கொஞ்சமாவது வழுக்கும். கிரிகிரியில் அதுகூட இல்லை. இழுப்பு முழுவதும் உங்கள் இடுப்புக்கு வந்து சேரும்.

இன்னொன்று. மேலே இழுபட்டு முதல் போல்ட்டில் தொங்கும் குயிக்டிராவில், அதாவது இரண்டு முனையிலும் காராபினர் என்ற உலோகக் கொக்கி உள்ள பட்டையில், போய் மோதினால், கருவியே அந்த காராபினரில் இடித்துக்கொள்ளும். இடித்த வாகைப் பொறுத்து கேம் திறந்துகொள்ளவும் வாய்ப்பு உண்டு. அப்போது பிரேக் கையும் கயிற்றில் இல்லையென்றால்? அதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை.

"ஆனா டாப் ரோப்ல ஆறு மாசமா இவங்கதான் எனக்குப் பிடிக்கிறாங்க, ஒண்ணும் ஆகலையே." இது அடுத்த வாதம். நியாயமான சந்தேகம்தான். டாப் ரோப்பில் கயிறு ஏற்கெனவே உச்சியில் போட்டிருக்கும், தளர்வே இருக்காது. ஏறுபவர் பாறைப் பிடியை விட்டாலும் விழுவதில்லை, தொங்குவார். கிணற்றுக் கப்பி சுழலும், உச்சியில் இருக்கும் காராபினர் சுழலாது. கயிறு அதில் உரசித் திரும்பும்போது பாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உராய்வே தின்றுவிடும். 90 கிலோ ஆள் சும்மா தொங்கினால் கீழே 55 கிலோ சுற்றி இருந்தால் போதும், தாக்குப்பிடிக்கலாம். அதனால்தான் அந்தப் பெண்ணுக்கு டாப் ரோப்பில் குதிகால் மட்டும் எழும்பும். இரண்டு பேரும் சிரிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். அந்தக் குதிகால் எழும்பியதே எச்சரிக்கை. தொங்கும்போதே தூக்குகிற எடை, மூன்று மீட்டர் விழுந்த வேகத்தோடு வந்தால் என்ன செய்யும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாவது போல்ட் 5 மீட்டர் உயரம். ஏறுபவரின் இடுப்பு அதற்கு 1.3 மீட்டர் மேலே. விழுந்தால் போல்ட்டைத் தாண்டி அதே அளவு கீழே வருவார், ஆக 2.6. கையில் விட்டிருந்த தளர்வு அரை மீட்டர், கயிறு நீள்வது அரை மீட்டர். மொத்தம் 3.6. இத்தோடு நின்றால் இடுப்பு தரையிலிருந்து 2.7 மீட்டர் உயரத்தில் இருக்கும், கவலையில்லை. ஆனால் பிலேயர் ஒன்றரை மீட்டர் மேலே போனால் அதையும் கூட்டுங்கள்: 5.1. இடுப்பு 1.2 மீட்டரில். நின்றுகொண்டிருக்கும் ஆளின் இடுப்பே ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும்! ஆபத்து முழுக்க முதல் மூன்று நான்கு போல்ட்டுக்குள்தான். அதற்கு மேலே போகப்போக ஒவ்வொரு குயிக்டிராவிலும் உராய்வு கூடும், விழுவதற்கு இடமும் இருக்கும். ஆனால் நம் ஆட்கள் உயரத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். கீழே இருக்கும்போது கதை பேசிக்கொண்டு பிலே செய்கிறார்கள்.

கயிறு அறுந்துவிடுமா என்று கனமானவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள். அறாது. லீட் ஏறும் ஒற்றைக் கயிறுகளை 80 கிலோ இரும்பைக் கட்டி, நாம் சுவரில் விழுவதைவிடப் பல மடங்கு மோசமாக விழவைத்துத்தான் சோதிக்கிறார்கள். குறைந்தது ஐந்து விழுகையைத் தாங்கினால்தான் தேறும். கயிற்றைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் கயிற்றின் மறுமுனையில் யார் என்று பாருங்கள்.

சரி, என்ன செய்வது?

என் வகுப்பில் நான் வைத்திருக்கும் கணக்கு இது. 10 கிலோ வித்தியாசம் வரை நிற்கும் இடத்தில் கவனம் போதும். அதற்கு மேலே போனால் ஏதாவது ஒரு ஏற்பாடு வேண்டும். ஏறுபவரின் எடை பிலேயரைப்போல் ஒன்றரை மடங்கைத் தொட்டால் அந்த ஜோடியை லீட் ஏற விடமாட்டேன். கெஞ்சினாலும் விடமாட்டேன்.

நிற்கும் இடம்: சுவருக்குப் பக்கத்தில், முதல் போல்ட்டுக்கு நேர் கீழே இல்லாமல் ஓரடி இரண்டடி தள்ளி. தூரமாக நின்றால் கழுத்து வலிக்காது, உண்மைதான். ஆனால் இழுபடும்போது நேரே மேலே போகமாட்டீர்கள், முதலில் சுவரை நோக்கி ஓடுவீர்கள். பாதாமியில் சுவருக்கு முன்னால் ஓடுவதற்குத் தரையே இல்லாத இடங்கள் உண்டு. உருண்டு கிடக்கும் பாறைகளுக்கு நடுவில்தான் பிலே செய்ய வேண்டும். அங்கே இழுபட்டால் முழங்கால் சில்லு முதலில் போகும். அங்கெல்லாம் இலேசானவரைப் பின்னால் இருக்கும் ஒரு பெரிய பாறையிலோ உறுதியான மரத்திலோ கட்டிவிடுவேன், இழுப்பு வரும் திசைக்கு நேர் எதிராக. பக்கவாட்டில் கட்டினால் இடுப்பு முறுக்கிக்கொள்ளும். பிலேயருக்கும் ஹெல்மெட். "நான் ஏறலையே அண்ணா" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவருக்குச் சமையல் வேலை.

உள்ளரங்கில் மணல் மூட்டை. அதைக் கொஞ்சம் தளர்வு விட்டு, ஹார்னஸின், அதாவது இடுப்புப் பட்டையின், முன்வளையமான பிலே லூப்பில் மாட்டுங்கள். ஓரடி எழும்பிய பிறகு அதன் பாரம் ஏறட்டும். டாப் ரோப் என்றால் உச்சியில் இருக்கும் கம்பியில் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் செய்துகொடுப்பார்கள்.

லீடுக்கு எட்ல்ரிட் என்ற ஜெர்மன் கம்பெனி 2016 வாக்கில் கொண்டுவந்த ஓம் என்ற கருவி இருக்கிறது. ஜபிக்கிற ஓம் இல்லை, பள்ளியில் மின்தடைக்கு அலகு என்று படித்தோமே, அந்த ஓம். பெயர் பொருத்தம்தான், இதுவும் தடையைத்தான் கூட்டுகிறது. முதல் போல்ட்டில் குயிக்டிராவுக்குப் பதிலாக இதை மாட்ட வேண்டும். விழும்போது கயிறு இதற்குள் இறுகி உராய்வு கூடும், பிலேயருக்கு வரும் இழுப்பு குறையும். கயிற்றைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. இரண்டாவது போல்ட்டை மாட்டும் முன் விழுந்தாலும் உதவாது. பிரேக் கையை எடுத்துவிட்டு நிற்கவும் இது லைசென்ஸ் இல்லை. விலை கொஞ்சம் அதிகம். எலும்பு முறிவு சிகிச்சைக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

கருவி எதுவும் இல்லையா? அப்படியானால் கனமானவர் லீட் ஏறாதீர்கள். வேறு ஒருவர் ஏறி உச்சியில் கயிற்றைப் போட்டுக்கொடுக்கட்டும்.

இவ்வளவும் இலேசானவர் கீழே நிற்கும்போது. தலைகீழாக இருந்தால் ஆபத்தே இல்லை என்று நினைக்கிறார்கள். போன வருடம் 38 கிலோ சிறுமி ஒருத்தி கணுக்கால் வீங்கி ஒன்றரை மாதம் உட்கார்ந்திருந்தாள். பிடித்தவர் அவள் அப்பா, 85 கிலோ. பாசக்காரர். மகள் ஓரங்குலம்கூட விழக்கூடாது என்று கயிற்றை இறுக்கியே வைத்திருந்தார். அவள் விழுந்தபோது இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்தே விட்டார். கயிறு சட்டென்று நின்றது. கீழே போகவேண்டிய வேகம் அத்தனையும் சுவரை நோக்கித் திரும்பியது, ஊஞ்சலை யாரோ சுவரில் ஓங்கி அடித்த மாதிரி. கனமான பிலேயர்களே, தயவுசெய்து கொஞ்சம் தளர்வு விடுங்கள். கயிறு இறுகும் அந்தக் கணத்தில் ஒரு சின்னத் துள்ளல் துள்ளுங்கள், அல்லது சுவரை நோக்கி ஓரடி நடந்துகொடுங்கள். தரைக்குப் பக்கத்தில் மட்டும் இது வேண்டாம். உங்கள் எடை உங்களைத் தானாகத் துள்ளவைக்காது, நீங்களேதான் செய்ய வேண்டும். மணல் மூட்டையை விழவைத்துப் பிடித்து இதைப் பழகலாம். நான் சொல்லிக்கொடுக்கிறேன், வெட்கப்படாமல் கேளுங்கள்.

கடைசியாக அந்த எடை விவகாரம். நம் ஊரில் சம்பளத்தைக்கூட கேட்டுவிடலாம், எடையைக் கேட்டால் முகம் மாறிவிடுகிறது. பெண்கள் குறைத்துச் சொல்கிறார்கள் என்று கேலி பேசுவார்கள். என் அனுபவத்தில் ஆண்கள்தான் அதிகம் புளுகுகிறார்கள். 94 கிலோ ஆள் கூசாமல் 80 என்பார். அந்த 14 கிலோ பொய்யைச் சுமக்கப்போவது கீழே நிற்பவர். அதனால் இந்த மாதத்திலிருந்து சுவருக்குப் பக்கத்தில் ஒரு எடை மெஷின் வைத்துவிட்டேன். இருவரும் ஏறி நின்றுவிட்டுத்தான் கயிற்றைத் தொட வேண்டும். ஹார்னஸ், ஷூ, குயிக்டிரா எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டே நில்லுங்கள். ஒரு டஜன் குயிக்டிராவே ஒரு கிலோவுக்கு மேல் வரும். காலையில் சாப்பிடாமல் வீட்டில் பார்த்த எண்ணை என்னிடம் சொல்ல வேண்டாம்.