பாலமில வாயிலா, தேங்குநிலையா?

நெடுந்தூர ஓட்டத்துக்குப் பழகிவரும் நண்பர் ஒருவர் தமிழில் வந்த பயிற்சிக் குறிப்பு ஒன்றை நீட்டினார். "பாலமில வாயில் பரிசோதனைன்னு போட்டிருக்கே, எச்சில் எடுப்பாங்களா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். வாயில் என்றால் வாசல் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் பாலுக்கும் அமிலத்துக்கும் பின்னால் அந்தச் சொல் வந்து நின்றால் 'வாய்க்குள்' என்றுதான் கண் முதலில் படிக்கிறது. காதுமடலிலோ விரல்நுனியிலோ குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுக்கும் சோதனைக்கு இப்படி ஒரு பெயர்! ஆங்கிலத்தில் 'லாக்டேட் த்ரெஷோல்டு' என்பதன் தமிழாக்கமாம் இது. இந்தத் தொடரை இதோடு எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. லத்தீனில் 'லாக்' என்றால் பால். 1780இல் சுவீடன் வேதியியலாளர் ஷீலே புளித்த பாலிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அது லாக்டிக் அமிலம் ஆனது. அதிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனி கழன்றால் மிஞ்சுவது லாக்டேட்.

சோதனை அளப்பது இந்த லாக்டேட்டைத்தான். இரத்தத்தின் பிஎச் ஏறத்தாழ 7.4, அந்த நிலையில் இது அமிலமாக இருப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். 'பாலமிலம்' என்று எழுதுபவர் இல்லாத அமிலத்தைக் கொண்டுவருகிறார், கூடவே தொடர்பில்லாத பாலையும். தசை குளுக்கோஸை உடைக்கும்போது உண்டாகும் பொருளுக்கும் நாம் குடிக்கும் பாலுக்கும் என்ன உறவு? லத்தீன் தெரியாதவர் காதில் லாக்டேட் வெறும் பெயர். தமிழில் பெயர்த்ததும் பால் பொங்கி முன்னால் வந்து நிற்கிறது. அமிலத்தையும் காடியாக்கி 'பாற்காடி' என்று இன்னும் தூய்மை பார்ப்பவர்களும் உண்டு. காடி நல்ல சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் இங்கே அளப்பது காடியும் இல்லையே!

அமிலம் என்ற பெயர் ஒரு பழைய பழியையும் சுமந்து வருகிறது. ஓடிய மறுநாள் கால் வலித்தால் 'அமிலம் தேங்கிவிட்டது' என்பார்கள். ஏறிய லாக்டேட் ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பழைய அளவுக்கு இறங்கிவிடும். மறுநாள் வலிக்குக் காரணம் தசையில் ஏற்படும் நுண்ணிய சேதம். லாக்டேட் கழிவுகூட இல்லை. இதயமும் பிற தசைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன, கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்குகிறது.

சரி, அப்புறம் அந்த வாயில். த்ரெஷோல்டு என்பதைப் பார்த்ததும் அகராதியைத் திறந்து முதலில் கிடைத்த பொருளை எழுதிவிட்டார்கள். வாயில் எதற்கு இருக்கிறது? நுழைந்து கடந்து போவதற்கு. 'வாயில்வரை ஓடு' என்று கேட்பவர் அதைத் தாண்டுவதுதான் சாதனை என்று எடுத்துக்கொள்வார். பயிற்சியோ நேர்மாறானது. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் சில நிமிடங்கள் ஓடவிட்டு, வியர்வையைத் துடைத்துவிட்டு (வியர்வையிலும் லாக்டேட் உண்டு, அளவைக் கெடுத்துவிடும்) ஒரு சொட்டு எடுக்கிறார்கள். ஓய்வில் லிட்டருக்கு 1 மில்லிமோல் அளவில் இருப்பது மெல்ல ஓடும்வரை அப்படியே கிடக்கிறது. ஒரு வேகத்தில் ஏறத் தொடங்குகிறது. அதற்கு மேலும் கொஞ்ச தூரம் உண்டாவதும் செலவாவதும் ஈடுகட்டிக்கொள்கின்றன. இன்னொரு வேகத்தைத் தாண்டினால் வரவு செலவை மிஞ்சி, இரத்தத்தில் தேங்கிக்கொண்டே போகிறது. இந்த இரண்டாவது இடத்துக்குச் சற்றுக் கீழே நெடுநேரம் நிற்பதுதான் வித்தை. நார்வே ஓட்டக்காரர்கள் பயிற்சிக்கு நடுவே குத்திக் குத்திப் பார்ப்பது வேகத்தை ஏற்றவா? ஏறிவிடாமல் பிடித்து வைக்க. டோக்கியோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் வென்ற யாக்கோப் இங்கெப்ரிக்ட்சென் வளர்ந்தது இந்த முறையில்தான். அவரிடம் போய் வாயிலைக் கடக்கச் சொல்லிப் பாருங்கள்!

இன்னொன்று, வாயில் கட்டிய இடத்திலேயே இருக்கும். 1976இல் ஜெர்மனியில் மாடர் என்ற ஆய்வாளரின் குழுவினர் இந்த இரண்டாவது இடத்துக்கு லிட்டருக்கு 4 மில்லிமோல் என்ற அளவை முன்வைத்தார்கள். அதையே கல்வெட்டாக எடுத்துக்கொண்டவர்கள் பலர். உண்மையில் ஒருவருக்கு அது 3இலேயே வந்துவிடும், இன்னொருவருக்கு 5ஐத் தாண்டும். பயிற்சி ஏற ஏற அதற்குரிய வேகமும் நகர்ந்துகொண்டே போகும்.

இயற்பியல் பாடத்தில் 'பயன்தொடக்க அதிர்வெண்' (த்ரெஷோல்டு ஃப்ரீக்வென்சி) படித்திருப்போம். அதன் வழியில் 'பயன்தொடக்கம்' என்று வைக்கலாமே என்றார் ஒருவர். வாயிலைவிட யோசித்த சொல்தான். ஆனால் ஒளியின் அதிர்வெண் அதற்குக் கீழே இருந்தால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளிவரவே வராது. லாக்டேட் அப்படியா? சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இரத்தத்தில் இருக்கிறது. 'வரம்பு' பரவாயில்லை, மீறாதே என்ற குறிப்பாவது அதில் இருக்கிறது. ஆனால் இரண்டு இடங்களில் எந்த வரம்பு என்று அடுத்த கேள்வி வரும்.

ஆகவே லாக்டேட்டை லாக்டேட்டாகவே விட்டுவிடுவோம். சல்பேட்டையும் நைட்ரேட்டையும் அப்படித்தானே விட்டிருக்கிறோம்? முதல் இடத்துக்கு 'ஏறுநிலை', இரண்டாவதற்கு 'தேங்குநிலை'. தேக்கம் என்றால் பொருளாதாரத் தேக்கம் நினைவுக்கு வருகிறதே என்று ஒருவர் மடக்கினார். வரட்டும், அணையில் நீர் தேங்குவதும் தமிழில் அதே வினைதான். வரத்து போக்கை மிஞ்சினால் மட்டம் ஏறும், இரத்தத்தில் நடப்பதும் அதுவே. சொல்லைக் கேட்டதும் நிகழ்ச்சி தெரிகிறது. ஆங்கிலச் சொல்லில்கூட அது தெரியாது.

மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலச் சொல்லைப் பார்க்கிறார்களே தவிர, சொல் சுட்டும் பொருளைப் பார்ப்பதில்லை. ஒருமுறை அந்தச் சோதனையை நேரில் நின்று பார்த்திருந்தால் யாரும் அங்கே வாசலைத் தேடியிருக்க மாட்டார்கள். தேங்குநிலையும் பிடிக்கவில்லையா, 'லாக்டேட் தேங்கத் தொடங்கும் வேகம்' என்றே நீட்டி எழுதுங்கள். நீளம்தான், ஆனால் படிப்பவர் எச்சில் எடுப்பார்களா என்று கேட்க மாட்டார்.