கொண்டியில் உட்காராத தாழ்ப்பாள்

நாயைத் தடவிக்கொடுக்கும்போது விலாப்பக்கம் கடலை அளவில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். நாலு நாள் கழித்துப் பார்த்தால் நெல்லிக்காய் அளவு. அடுத்த வாரம் சுருங்கியிருக்கிறது. சரி, தானே கரைகிறது என்று நிம்மதி வேறு! உண்மையில், இப்படி வீங்கி வற்றுவதைத்தான் சந்தேகப்பட வேண்டும். நாய்களின் தோலில் வரும் புற்றுநோய்களில் அதிகம் தென்படும் மாஸ்ட் செல் கட்டியின் குணம் அது.

ஒவ்வாமை வந்தால் அரிப்பையும் தடிப்பையும் கிளப்பிவிடுபவை மாஸ்ட் செல்கள். அவற்றுக்குள் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் பொட்டலம் பொட்டலமாக அடைந்துகிடக்கும். கட்டியை அழுத்தினால் பொட்டலங்கள் அவிழ்ந்து சுற்றிலும் சிவந்து வீங்கும். அந்த ஹிஸ்டமின் ரத்தத்தில் கலந்து இரைப்பையில் அமிலத்தைக் கூட்டிப் புண்ணாக்குவதும் உண்டு. ஊசியால் உறிஞ்சிய துளிக்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல்லுக்குள் கேழ்வரகு கொட்டியதுபோல ஊதா மணிகள் தெரியும்.

ஒரே பெயருள்ள இந்தக் கட்டி ஒரு நாய்க்கு அறுவை சிகிச்சையோடு தீர்ந்துவிடுகிறது. இன்னொன்றுக்கு நிணநீர்க் கணு, மண்ணீரல் என்று பரவுகிறது. செல்லின் தோற்றத்தை வைத்து 1984இல் மூன்று தரமாகப் பிரித்தார்கள். பெரும்பாலான கட்டிகள் நடுத்தரத்தில் போய் விழுந்ததால் குழப்பம்தான் மிச்சம். 2011இல் வீரியம் கூடியது, குறைந்தது என்று இரண்டே தரமாக்கினார்கள். அப்புறம் மரபணுவையும் கேட்கலாமே?

மாஸ்ட் செல்லின் சவ்வில் ‘கிட்’ என்ற புரதம் செருகியிருக்கிறது. வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினால்தான் அது உள்ளே ‘பெருகு’ என்று சொல்லும். மற்ற நேரங்களில் அதன் வாயை அடைத்துவைப்பது, சவ்வை ஒட்டி உட்புறம் இருக்கும் ஒரு சிறு துண்டு. தாழ்ப்பாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாழ்ப்பாளுக்கான வரைபடம் கிட் மரபணுவின் 11ஆம் எக்ஸானில், அதாவது புரதத்துக்கான குறிப்பைத் தாங்கிய பகுதிகளில் ஒன்றில், இருக்கிறது. சில கட்டிகளில் அங்கே டி.என்.ஏ. எழுத்துகளின் ஒரு வரிசை இரண்டு தடவை பதிவாகிவிடுகிறது. தாழ்ப்பாள் நீண்டுபோய்க் கொண்டியில் உட்காராது. யாரும் சொல்லாமலே செல் பெருகிக்கொண்டே போகும். இப்படிப்பட்ட கட்டிகள்தான் அதிகம் திரும்பி வருகின்றன, அதிகம் பரவுகின்றன.

அதே மரபணுவின் 8ஆம் எக்ஸானிலும் பிழை வருவதுண்டு. அதுவும் புரதத்தை முடுக்கிவிடும். ஆனால் 11இல் வரும் பிழை அளவுக்கு மோசமான போக்கு காட்டுவதில்லை. ஆகவே ‘கிட் மாற்றம் உள்ளது’ என்று அறிக்கை வந்தால், எந்த எக்ஸானில் என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாற்றம் இல்லை என்றாலும் துள்ள வேண்டாம். முரட்டுக் கட்டிகள் பலவற்றில் இந்தப் பிழையே இருப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கெட்ட செய்தியான இந்தப் பிழையே மருந்துக்குக் குறியாகவும் ஆகிறது. நாய்களின் புற்றுநோய்க்கென்றே அமெரிக்காவில் முதன்முதலாக, 2009இல், அனுமதி பெற்ற டொசெரனிப், கிட் புரதத்தின் வாயை அடைக்கும் மாத்திரை. சோதனையில், பிழை உள்ள கட்டிகளில் 69 சதவீதம் அதற்கு மசிந்தன. பிழை இல்லாதவற்றில் 37 சதவீதம்தான். ஆனால் மசிந்த கட்டிகளிலும் பல, கொஞ்ச காலத்தில் மருந்துக்குப் பழகிக்கொண்டு மறுபடி வளரத் தொடங்குகின்றன.